திரும்பிப் போனவர்களின் பதிவேடு

இணையத்தளத்துக்குப் பெயர் ஒன்றுதான். பின்னால் ஓடும் சர்வர்கள் பல. கிள்ளானில் ஒரு புடவைக்கடையின் தளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முகப்பும் புடவைப் படங்களும் சைபர்ஜெயாவில் இருக்கும் இரண்டு சர்வர்களிலிருந்து வரும். பணம் கட்டும் பக்கத்துக்குத் தனிச் சர்வர். பழைய பில் விவரங்கள், யாரும் தொடத் துணியாத இன்னொரு சர்வரில் கிடக்கும். கடைக்காரர் கணக்குப் பார்க்கும் பக்கம், கடையிலிருந்து வரும் கோரிக்கைக்கு மட்டும் திறக்கும். வாங்க வருகிறவர் இதில் எதையும் அறியமாட்டார்; அவர் தட்டுவது ஒரே முகவரி. ஒவ்வொரு கோரிக்கையும் எந்தச் சர்வருக்குப் போக வேண்டும், அதற்கு முன்னால், போகவே விடலாமா என்று முடிவெடுக்கும் இடம் ஒன்று முன்னால் நிற்கிறது. எங்கள் தொழிலில் அதை வாஃப் என்கிறோம். பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையில், ஒரு கடைவீட்டின் மாடியில் உட்கார்ந்து நானும் என் சகாக்களும் பார்ப்பது இந்த வாசல் வேலைதான்.

கோரிக்கை வந்ததும் வாஃப் முதலில் அதன் பூட்டை அவிழ்க்கும். உறை கிழிக்காமல் உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாது. பிறகு, எந்தத் தளத்தின் பெயரைச் சொல்லி வந்திருக்கிறது, எந்தப் பாதை கேட்கிறது, படிவத்தின் ஒவ்வொரு பெட்டியிலும் என்ன நிரப்பியிருக்கிறது என்று பார்க்கும். சந்தேகப்படும்படி ஒவ்வொன்று தென்படும்போதும் ஒரு மதிப்பெண் கூட்டும். மொத்தம் 5ஐத் தொட்டால் 403 என்ற எண்ணோடு கதவடைப்பு. தொடாவிட்டால் பாதையைப் பார்த்து உரிய சர்வருக்கு அனுப்பும். அரசாங்க கிளினிக்கின் முன்மேசையில் இருக்கும் தாதி செய்வதும் இதுதான்: யாரை எந்த அறைக்கு அனுப்புவது என்பதுதான் அவர் வேலை, வாசலிலேயே திருப்பி அனுப்புவது அபூர்வமாக நடக்க வேண்டியது.

இந்தக் கருவிகள் பெரும்பாலும் தனி மனிதர்கள் தொடங்கி வைத்தவை. கோரிக்கைகளைப் பல சர்வர்களுக்குப் பங்கிடும் ஹெச்ஏபிராக்சியை வில்லி டாரோ 2001இல் வெளியிட்டார். உள்ளே வருவதைப் படித்துச் சோதிக்கும் மாட்செக்யூரிட்டியை இவான் ரிஸ்டிச் 2002இல் வெளியிட்டார். இகோர் சிசோயெவின் எஞ்சின்எக்ஸ் 2004இல் பொதுவுக்கு வந்தது. மலேசியாவில் இவற்றைப் பற்றி வாடிக்கையாளர்கள் வாய் திறந்து கேட்கத் தொடங்கியது 2011க்குப் பிறகுதான் என்பது என் எண்ணம். அந்த ஆண்டு, கோப்புப் பகிர்வுத் தளங்கள் பத்தைத் தடுக்கச் சொல்லி மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம் உத்தரவிட்டிருந்தது. அதை எதிர்த்து ஜூனில் 'அனானிமஸ்' குழு 'ஆபரேஷன் மலேசியா' என்று அறிவித்துவிட்டே அரசுத் தளங்களைத் தாக்கியது. 51 தளங்கள் தாக்கப்பட்டதாகவும் 41 தளங்களில் தடங்கல் ஏற்பட்டதாகவும் ஆணையமே சொன்னது. அதன் பிறகு சின்னச் சின்னக் கடைக்காரர்கள்கூட, "நமக்கும் ஒரு காவல் போட்டுக் குடுங்க தம்பி" என்று கேட்கத் தொடங்கினார்கள்.

காவல் போடுவது சுலபம். எத்தனை தாக்குதலைத் தடுத்தோம் என்று மாதக் கடைசியில் ஓர் அறிக்கை கொடுக்கலாம். எண் பெரிதாக இருந்தால் வாடிக்கையாளருக்கும் மகிழ்ச்சி. அந்த எண்ணில் நல்லவர்கள் எத்தனை பேர் என்று கேட்பவர்கள் குறைவு. தவறாகத் திருப்பி அனுப்பப்பட்டவர் புகார் செய்ய மாட்டார். 'அணுகல் மறுக்கப்பட்டது' என்ற பக்கத்தைப் பார்த்துவிட்டு, தன் கைப்பேசியில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொண்டு போய்விடுவார். அவர் வந்து போனதற்கு ஒரே சாட்சி எங்கள் பதிவேட்டில் ஒரு வரி. அதனால்தான் மறுக்கப்பட்டவர்களின் பதிவேட்டை ஒவ்வொரு நாளும் மனிதக் கண்ணால் படிக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

ஒரு தீபாவளி சமயம். தெங்கு கிளானா சாலையில் கடை வைத்திருக்கும் அக்கா ஒருவர், இணையத்தில் பரிசுக்கூடை விற்றுக்கொண்டிருந்தார். முறுக்கு, புடவை, வேட்டி, கூடவே ஒரு வாழ்த்து அட்டை. படிவத்தில் எழுதுவதற்கு இரண்டு பெட்டிகள்: அட்டையில் அச்சிட வேண்டிய வாழ்த்து, கடைக்குச் சொல்ல வேண்டிய குறிப்பு. தணிக்கைக்கு வந்த ஒரு நிறுவனம் காவலை ஒரு படி இறுக்கச் சொல்லியிருந்தது, இறுக்கப்பட்டது. விற்பனை போன வருடத்தைவிடக் குறைவு என்று அக்கா சொன்னார். "எழுதி அனுப்புனா போகமாட்டேங்குதுன்னு ரெண்டு மூணு பாட்டிங்க கடைக்கே நேரா வந்துட்டாங்க தம்பி" என்றார். பதிவேட்டைத் திறந்தேன். மறுக்கப்பட்ட ஆர்டர்கள் அத்தனையும் தமிழில் எழுதப்பட்டவை. மலாயிலும் ஆங்கிலத்திலும் எழுதியவர்கள் தடையில்லாமல் போயிருந்தார்கள். தமிழிலும் ஒரு வரி எழுதியவர்கள் தப்பியிருந்தார்கள். ஆற அமர நாலு வரி எழுதியவர்கள்தான் மாட்டியிருந்தார்கள்.

காரணத்தைத் தேடிப் போனால் எழுத்துகளுக்குள்ளேயே இறங்க வேண்டியிருந்தது. யூனிகோடு தமிழில் எழுத்து, கொக்கி ஒவ்வொன்றும் இணையத்தில் மூன்று பைட்டுகளாகப் போகிறது. ழ என்பது 224, 174, 180. ஈகாரக் கொக்கி 224, 175, 128. ங என்பது 224, 174, 153. அந்தத் தளத்தில் ஓடிய விதித்தொகுப்பில் ஒரு விதி இருந்தது. தரவுத்தளத்தை ஏமாற்ற நினைப்பவர்கள் மேற்கோள் குறி, அடைப்பு, சமக்குறி போன்றவற்றை நிறையப் போடுவார்கள் என்பதால், ஒரு பெட்டிக்குள் அப்படிப்பட்ட குறிகள் 12 சேர்ந்தால் 3 மதிப்பெண் போடும் விதி. அந்தக் குறிகளின் பட்டியலில் வளைந்த மேற்கோள் குறிகளும், எழுத்தின் தலையில் விழும் சாய்கோடும் இருந்தன. வளைந்த மேற்கோள் குறி 226, 128, 153 என்ற மூன்று பைட்டு. சாய்கோடு 194, 180 என்ற இரண்டு. விதியோ எழுத்து எழுத்தாகப் பார்க்காமல் பைட்டு பைட்டாகப் பார்த்தது. ஆக 180 எங்கே வந்தாலும் அதற்குக் குற்றம். 128 வந்தாலும் 153 வந்தாலும் குற்றம். ழகரமும் ஈகாரமும் ஙகரமும் தாக்குதல்காரனின் குறிகளாகக் கணக்கில் ஏறிவிட்டன.

இந்த வாழ்த்தைப் பாருங்கள்: "தீபாவளி வாழ்த்துகள். நீங்களும் உங்கள் வீட்டாரும் நீடூழி வாழ எங்கள் ஆசிகள். மகிழ்ச்சியாக இருங்கள்." இதில் ஒரு சிறப்புக்குறிகூட இல்லை. ஆனால் தீ, வாழ், நீ, ங் என்று எண்ணிக்கொண்டே போனால் 12 சரியாக நிறைகிறது. வாழ்த்துப் பெட்டிக்கு 3. குறிப்புப் பெட்டியிலும் இப்படியே விரிவாக எழுதினால் இன்னொரு 3. மொத்தம் 6, கதவடைப்பு. தமிழில் தீபாவளி வாழ்த்து என்று தொடங்கினாலே இரண்டு குற்றத்தோடு தொடங்க வேண்டிய நிலை. பேரப்பிள்ளைக்கு மனம் நிறைய எழுத உட்கார்ந்த பாட்டியைத்தான் அந்த விதி குறிவைத்துப் பிடித்திருந்தது.

விதியை மொத்தமாக அணைத்துவிடலாம். பலர் அதைத்தான் செய்வார்கள். அது சரியல்ல என்பது என் கட்சி. பணம் கட்டும் பக்கத்திலும் உள்நுழையும் பக்கத்திலும் அந்த விதிக்கு வேலை இருக்கிறது. அதனால் அந்த இரண்டு பெட்டிகளுக்கு மட்டும் அதை விலக்கினோம். அங்கே பைட்டு எண்ணும் விதிக்குப் பதிலாக, தரவுத்தளக் கட்டளையின் அமைப்பையே அலசிப் பார்க்கும் வேறு விதிகள் காவலுக்கு இருந்தன. அந்தப் பெட்டிகளில் எழுதப்படுவது முதன்மைத் தரவுத்தளத்துக்கு நேராகப் போகாமல், அட்டை அச்சிடும் தனிச் சர்வருக்குப் போகும்படி பாதையையும் மாற்றினோம். ஏதாவது நுழைந்தாலும் அங்கே திருட ஒன்றும் இருக்காது. அன்று மாலையிலிருந்து தமிழ் ஆர்டர்கள் வரத் தொடங்கின.

இதே வகையில் இன்னொன்று. மலேசியத் தமிழர்களின் அடையாள அட்டையில் பெயருக்கும் தந்தை பெயருக்கும் நடுவில் ஏ/எல் அல்லது ஏ/பி என்று சாய்கோடு இருக்கும். பெயரில் சாய்கோடு வரக் கூடாது என்று எங்கோ ஒருவர் எழுதி வைத்த விதி, நம் பிள்ளைகள் கல்வி உதவிக்கு விண்ணப்பிக்கும்போது காலை வாரிவிடும். மலாக்காவின் போர்த்துகீசிய வம்சாவழியினரின் டி'குரூஸ், டி'சில்வா போன்ற பெயர்களுக்கு மேற்கோள் குறியால் இதே கதி. இங்கே காவல் இறுக்கமா தளர்வா என்பதல்ல கேள்வி. விதி எழுதியவருக்கு எங்கள் பெயர்கள் தெரியாது. தெரிந்த நாம் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வது?

தடுப்பதும் விடுவதும் மட்டுமே வழி என்று நினைப்பதால்தான் இத்தனை பேர் தெருவில் நிற்கிறார்கள். மாட்செக்யூரிட்டியின் இரண்டாம் பதிப்பிலேயே 'பிராக்சி' என்று ஒரு செயல் இருந்தது. கோரிக்கையை மறுக்காமல், வந்தவருக்குத் தெரியாமல் வேறொரு சர்வருக்குத் திருப்பிவிடும். தாக்க வந்தவனைப் பொறிச் சர்வரில் விட்டு வேடிக்கை பார்ப்பதற்கு அதைப் பயன்படுத்தினார்கள். எனக்கு அதில் வேறொரு பயன் தெரிந்தது. மதிப்பெண் பூஜ்யமென்றால் வழக்கமான சர்வர். மிக அதிகமென்றால் கதவடைப்பு. நடுவில் நிற்பவர்களுக்குத் தனியாக ஒரு சர்வர்: கொஞ்சம் மெதுவானது, தரவுத்தளத்தைப் படிக்கும் உரிமை மட்டும் உள்ளது, எழுதுவதை வரிசையில் போட்டு வைத்து மனிதர் பார்த்த பிறகே சேர்ப்பது. நல்லவர் அங்கே போனால் அவருக்குக் கொஞ்சம் தாமதம்; கெட்டவர் போனால் அவருக்கு ஆதாயம் இல்லை. ஹெச்ஏபிராக்சியில் இதற்கு நாலைந்து வரி போதும். கூடுதல் சர்வருக்கு மாதம் கொஞ்சம் வெள்ளி செலவாகும். அந்தச் செலவுக்காக நான் வாடிக்கையாளர்களிடம் வாதாடியதுபோல வேறெதற்கும் வாதாடியதில்லை.

இந்த ஏற்பாட்டின் அருமை 2021 டிசம்பரில் தெரிந்தது. அந்த மாதம் 9, 10 தேதிகளில் லாக்4ஷெல் என்ற ஓட்டை உலகத்துக்குத் தெரியவந்தது. ஜாவாவில் எழுதிய மென்பொருள்கள் குறிப்பெழுதப் பயன்படுத்தும் லாக்4ஜே என்ற நூலகத்தில் இருந்தது அது. அலிபாபா கிளவுட் பாதுகாப்புக் குழுவைச் சேர்ந்த சென் ஜாவ்ஜுன் நவம்பர் 24ஆம் தேதியே அப்பாச்சி அமைப்புக்குத் தெரிவித்திருந்தார். டாலர் குறியோடு தொடங்கும் ஒரு சின்னச் சரத்தை உலாவியின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வைத்து அனுப்பினால் போதும்; சர்வர் அதைக் குறித்துக்கொள்ளும்போதே வெளியே ஒரு முகவரிக்கு ஓடிப்போய், அங்கிருந்து கட்டளையை வாங்கி வந்து நிறைவேற்றும். அந்தச் சரத்தைப் பிடிக்க எல்லாரும் வாஃபில் விதி எழுதினார்கள். மறுநாளே தாக்குபவர்கள் சரத்தின் எழுத்துகளை உடைத்து உடைத்து, விதிக்குத் தெரியாத வடிவில் அனுப்பினார்கள். விதியும் சரமும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டிருந்தன. அப்பாச்சியின் திருத்தமும் ஒரு தடவையில் முடியவில்லை: 2.15, அதன்பின் 2.16, அதன்பின் 2.17.

எங்கள் வாடிக்கையாளர் ஒருவரிடம், செய்து கொடுத்தவர்கள் தொழிலையே விட்டுப்போன ஒரு பழைய ஜாவா அமைப்பு இருந்தது. திருத்தம் போட வழியில்லை. அங்கே பாதையைத்தான் மாற்றினோம். அந்த அமைப்புக்குப் போகும் கோரிக்கை எல்லாம் இடையில் ஒரு தனிச் சர்வர் வழியாகப் போகும். அது தெரிந்த தலைப்புகளை மட்டும் கடத்தி, மீதியைக் கழற்றிவிடும். அதைவிட முக்கியமாக, அந்தப் பழைய இயந்திரம் தானாக வெளியே பேசும் வழியை முழுக்க அடைத்தோம். ஓடிப்போய்க் கட்டளை வாங்க வழி இல்லையென்றால் சரம் உள்ளே வந்தாலும் பலிக்காது. வாசலில் நிற்கும் காவலைவிட, பின்கதவைச் சாத்தியதுதான் அந்த வாரம் காப்பாற்றியது.

2.17 வந்த அதே வார இறுதியில் மழை பிடித்துக்கொண்டது. டிசம்பர் 17, 18 தேதிகளில் கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒரு மாதத்துக்குப் பெய்ய வேண்டிய மழை ஒரே நாளில் கொட்டியது. ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் வீடுகள் மூழ்கின. கிள்ளான் சாலைகள் துண்டுபட்டன. தன்னார்வலர்கள் சிலர், எங்கே யாருக்குப் படகு வேண்டும், எங்கே சாப்பாடு வேண்டும் என்று பதிவு செய்ய ஒரு தளம் தொடங்கியிருந்தார்கள். அது ஓடிய சர்வருக்கு முன்னால் வழக்கமான ஒரு விதி நின்றது: ஒரே இணைய முகவரியிலிருந்து நிமிடத்துக்கு இத்தனைக்கு மேல் கோரிக்கை வந்தால் 429 சொல்லித் திருப்பி அனுப்பு. சாதாரண நாளில் நல்ல விதிதான்.

உதவி கேட்டு அழைத்தார்கள். வீட்டிலிருந்தபடியே பதிவேட்டைப் பார்த்தேன். விரல்விட்டு எண்ணக்கூடிய சில முகவரிகளிலிருந்து கோரிக்கைகள் வெள்ளமாக வந்துகொண்டிருந்தன. மேலோட்டமாகப் பார்த்தால் தாக்குதல் என்றே தோன்றும். கிட்டப் போய்ப் பார்த்தால், ஒரே முகவரிக்குள் சாம்சங், ஹுவாவே, ஓப்போ, ஐபோன் என்று வெவ்வேறு கைப்பேசிகள். ஒவ்வொன்றும் இரண்டு மூன்று பக்கம்தான் கேட்டிருக்கிறது, அதுவும் உதவிப் படிவத்தை மட்டும். தாக்குபவன் இப்படி வரமாட்டான். அவன் ஒரே முகத்தோடு வந்து எல்லாக் கதவையும் தட்டிப் பார்ப்பான். இங்கே நடந்தது வேறு. கைப்பேசிச் சேவை நிறுவனங்களிடம் பொது முகவரிகள் போதாததால், ஏராளமான கைப்பேசிகளை ஒரே முகவரிக்குப் பின்னால் வைத்துத்தான் இணையத்துக்கு அனுப்புகின்றன. வீட்டு வைஃபை தண்ணீரில் போன பிறகு, ஒரு வட்டாரமே கைப்பேசித் தரவுக்கு மாறியிருந்தது. ஒரு தாமான் முழுக்க ஒரே ஆளாக அந்த விதிக்குத் தெரிந்தது. அந்த ஒரே ஆள் அளவுக்கு மீறிக் கேட்கிறார் என்று அது கதவைச் சாத்தியது. கூரையில் நின்று படிவத்தை அழுத்தியவருக்கு 429.

அந்த வருடம் கிள்ளான் பள்ளத்தாக்கில் எல்லாருக்கும் இந்த அனுபவம் ஒருமுறை ஆகியிருந்தது. மே 26ஆம் தேதி பகல் 12 மணிக்கு அஸ்ட்ராஜெனெகா தடுப்பூசி முன்பதிவு திறந்தபோது தளம் திணறி, அன்றைய அறிவியல் அமைச்சர் கைரி ஜமாலுடின் மன்னிப்புக் கேட்டார். தடுப்பூசிக்கு இன்னொரு நாள் உண்டு. படகுக்கு இல்லை.

முகவரியை வைத்து எண்ணுவதை நிறுத்தி, ஒவ்வொரு கைப்பேசிக்கும் ஒரு அடையாளத் துண்டு கொடுத்து அதை வைத்து எண்ணினோம். அளவு மீறினாலும் மறுக்கவில்லை. படம் ஏதுமில்லாத, அவசர எண்களும் ஒரு குட்டிப் படிவமும் மட்டும் உள்ள பக்கத்தை வேறொரு சர்வரில் வைத்து, கூட்டத்தை அங்கே திருப்பினோம். அந்தப் படிவத்தில் எழுதியது ஒரு வரிசையில் போய் விழும். முதன்மைச் சர்வர் தெம்பு வந்ததும் எடுத்துக்கொள்ளும். தன்னார்வலர்கள் பட்டியல் பார்க்கும் பக்கத்துக்கு மட்டும் முழுச் சர்வரை ஒதுக்கினோம். 429 என்ற எண் அன்றிரவு பதிவேட்டிலிருந்து மறைந்தது.

மதிப்பெண் கணக்கில் நடுவில் நிற்பவர்களிடம் "நீ மனிதன்தானா, போக்குவரத்து விளக்கு உள்ள படங்களைத் தொடு" என்று கேட்கும் வழக்கம் உண்டு. எங்கள் அலுவலகம் இருக்கும் வட்டாரத்தில்தான் 1951இல் தொடங்கப்பட்ட மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இருக்கிறது. தினமும் வெள்ளைக்கோலோடு நடைபாதைப் பட்டையைத் தடவிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்தபடியே வேலைக்கு வருகிறோம். அவர்களில் பலர் திரையை வாசித்துச் சொல்லும் மென்பொருளோடு வங்கி, வேலை எல்லாவற்றையும் இணையத்தில் பார்த்துக்கொள்கிறார்கள். அந்த மென்பொருளோடு வருபவரின் நடமாட்டம், சுட்டியை அசைக்காமல் விசைகளால் மட்டும் நகர்வதால், எந்திரம்போலத் தெரிந்து சில காவல்களில் மதிப்பெண் வாங்கும். அவரிடம் படத்தைக் காட்டி மனிதனா என்று கேட்பது அநியாயம். எங்கள் கையில் இருக்கும் தளங்களில் படச் சோதனையை எடுத்துவிட்டோம். அந்த இடத்தில் மெதுவான சர்வர்தான்.

காவலே விழுந்தால் என்ன செய்வது என்பதையும் முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். 2019 ஜூலை 2ஆம் தேதி, நம் நேரப்படி இரவு 9.42க்கு, கிளவுட்ஃபிளேர் தன் வாஃபில் சேர்த்த ஒரே ஒரு விதி, முடிவில்லாமல் பின்னோக்கித் தேடும் ஒரு வாய்பாட்டால் உலகமெங்கும் இருந்த அதன் இயந்திரங்களின் மூளையை முழுக்கத் தின்றுவிட்டது. 27 நிமிடத்துக்கு ஏராளமான தளங்களில் 502. என்ன நடந்தது என்பதை வாய்பாடு உட்பட அவர்கள் வெளிப்படையாக எழுதினார்கள். அந்தக் கட்டுரையை வேலைக்குப் புதிதாக வருபவர்கள் எல்லாரிடமும் படிக்கக் கொடுக்கிறேன். எங்கள் ஏற்பாடு இது: காவல் விழுந்தால் படிக்க மட்டும் உள்ள பக்கங்கள் காவலில்லாமலே திறந்திருக்கும், பணமும் கடவுச்சொல்லும் புழங்கும் பக்கங்கள் சாத்திக்கொள்ளும்.

இப்போது புது விதி எதையும் நேரலையில் போடுவதற்கு முன்னால் ஒரு சோதனைக் கோப்பு வழியாக ஓட்டுகிறோம். அதில் தமிழ் வாழ்த்துகள், ஜாவி முகவரிகள், சீனப் பெயர்கள், ஏ/எல், ஏ/பி, டி'குரூஸ், குரல்வழியில் தட்டச்சான முற்றுப்புள்ளி இல்லாத கடிதங்கள் எல்லாம் இருக்கின்றன. அண்மையில் கிள்ளானிலிருந்து வந்து சேர்ந்த தங்கை ஒருத்தி அதைப் படித்துவிட்டு, "அண்ணே, எங்க அம்மா இப்படியா எழுதுவாங்க?" என்று கேட்டு, தன் அம்மாவின் பாணியில் வரிக்கு வரி சிரிப்பு முகம் வைத்து ஒரு வாழ்த்தைச் சேர்த்தாள். சாதாரணச் சிரிப்பு முகம் 240, 159, 152, 128. கடைசி இரண்டும் அந்தப் பழைய பட்டியலின் வளைந்த மேற்கோள் குறிகளிலும் வருபவை, ஆறு முகம் வைத்தால் 12 ஆகிவிடும். அந்த விதியின் ஒரு பிரதி இன்னும் திருத்தப்படாமல் வேறொரு தளத்தில் இருந்தது இப்படித்தான் தெரியவந்தது. அன்று மாலையே அந்தத் தளத்தின் பதிவேட்டை முதலிலிருந்து எடுத்துப் படிக்கத் தொடங்கினோம்.